விடுதியை விடுங்கள், சனிக்கிழமையை விடாதீர்கள்

வாசகியின் கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 29. மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, சென்ற அக்டோபரில் ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினின் வலென்சியா நகருக்குப் போனார். மாணவர் அனுமதி, ஜூன் வரை ஒன்பது மாத வகுப்பு, வாரத்துக்கு 20 மணி நேரம். பிப்ரவரியில் கைப்பணம் கரையத் தொடங்கியதும், வேறு சிலரோடு பகிர்ந்திருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு விடுதிக்குத் ‘தன்னார்வலராக’ மாறினார். எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டிலும் காலைச் சாப்பாடும் கிடைக்கும். பதிலுக்கு வாரம் 25 மணி நேரம் உழைக்க வேண்டும். நான்கு ராத்திரி வரவேற்பு மேசை, மீதி நேரம் படுக்கை விரிப்பு மாற்றுவது. மார்ச்சில் ஃபாயஸ் திருவிழா வாரத்தில் அது 40 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. ஊரே பட்டாசு வேடிக்கை பார்க்க மத்தியானம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் கூடியபோது, இவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்.

சனிக்கிழமைகளில் குடியேறிகள் அதிகம் வாழும் பகுதியில் ஒரு தொண்டு அமைப்பில் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். அங்கே எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இவருடைய வாக்கியத்தைத் திருத்த, மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இவர் எழுதிய வகுத்தல் முறையையும் தப்பு என்று சொல்லிவிட்டார்கள். போதாக்குறைக்கு, பாலியல் குற்றப் பின்னணி இல்லை என்ற சான்றிதழை அமைப்பு கேட்டிருக்கிறது. “என் நிறத்தைப் பார்த்துத்தான் கேட்டார்களோ?” என்கிறார்.

மேற்கொண்டு அவர் வார்த்தையிலேயே: “ஆறு மாசத்துல சரளமா பேசிடுவேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். ரொட்டி வாங்கப் போனாக்கூட கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறிடறாங்க. வகுப்புல தூங்கி விழறேன். அம்மா கிளம்பி வாங்கறாங்க. விடுதியை விட்டா தங்க இடமில்லை, அதனால சனிக்கிழமை வேலையையாவது விட்டுடலாமா? கோடையில டெலே பி2 (ஸ்பானிஷ் மொழித் தேர்வில் இடைநிலையின் மேல்படி) எழுத முடியுமா? எதுக்காக இங்க இருக்கேன்னே தெரியல.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். “எதுக்காக இங்க இருக்கேன்” என்பதில் ‘இங்க’ வலென்சியா என்றால், அதற்கு வழி பேசலாம். அதற்கும் அப்பால், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறது என்ற பொருளில் எழுதியிருந்தால், இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு 024 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஸ்பெயின் அரசு இதற்காகவே நடத்தும் இலவசத் தொலைபேசி உதவி அது. 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். அவசரம் என்றால் 112. இதை நேராகக் கேட்டதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன். இப்படி ஒரு வரியைப் பார்த்தால் கேட்டே ஆக வேண்டும் என்பது என் தொழில்.

உங்கள் மின்னஞ்சல் காலை 5:40க்கு வந்திருக்கிறது. ஷிஃப்ட் முடியும் நேரம் என்று நினைக்கிறேன். இரண்டு மாதமாக வாரத்தில் நான்கு ராத்திரி விழித்திருந்து, காலையில் வகுப்புக்கும் போய், எட்டுப் பேர் வந்து போகும் அறையில் பகலில் கண்ணை மூடப் பார்க்கும் ஒருவருக்கு அழுகை வரும், பசி எடுக்காது, படித்த சொல் நினைவில் நிற்காது. “எனக்கு மொழி வராது, எனக்கு யாரோடும் பழகத் தெரியாது” என்று நீங்கள் உங்களைப் பற்றி எழுதியிருக்கும் தீர்ப்புகளை நான் இப்போதைக்கு ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. மூன்று வாரம் ராத்திரியில் தூங்கிவிட்டு எழுதுங்கள், அப்போது பார்க்கலாம். விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்பீட்டில் உளவியல் ஆலோசனை அடங்குமா என்று ஒரு தரம் பாருங்கள். பலர் அதைப் பிரித்தே பார்ப்பதில்லை.

விடுதியை வைத்துக்கொண்டு சனிக்கிழமையை விடலாமா என்று கேட்கிறீர்கள். என் ஆலோசனை நேர் எதிரானது.

விடுதியில் நீங்கள் பார்ப்பது வேலை

படுக்கை கொடுத்து உழைப்பு வாங்கும் இந்த ஏற்பாட்டை இணையதளங்கள் தன்னார்வப் பணி என்றுதான் விளம்பரப்படுத்துகின்றன. அதனால் நீங்கள் நம்பியதில் வியப்பில்லை. ஸ்பெயினில் தன்னார்வப் பணிக்கென்றே 2015இல் ஒரு சட்டம் வந்தது. 45/2015 என்பது அதன் எண். பொதுநலனுக்காக, பதிலுக்கு எந்தப் பொருளாதாரப் பலனும் பெறாமல், லாப நோக்கமற்ற அமைப்பு ஒன்றின் திட்டத்துக்குள் செய்வதைத்தான் அது தன்னார்வப் பணி என்கிறது. அறைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் விடுதியின் வரவேற்பு மேசை எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் இதற்குள் வராது. உரிமையாளர் நேரம் குறிக்கிறார், வேலை சொல்கிறார், நீங்கள் வராவிட்டால் இன்னொருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்கும். இதற்குப் பெயர் வேலை. கட்டிலும் காலைச் சாப்பாடும் கூலி. ஸ்பெயினின் தொழிலாளர் சட்டப்படி சம்பளத்தில் பொருளாகக் கொடுக்கும் பங்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு முழுக்க முழுக்கப் பொருளாகத்தான் வருகிறது.

இதில் உங்களுக்கு என்ன ஆபத்து? நீங்கள் அங்கே இருப்பது படிப்புக்கான அனுமதியில். வேலை செய்யும் உரிமை உங்கள் அனுமதியில் இல்லையென்றால், ஒரு சோதனை நடந்தாலே உங்கள் ஆவணங்கள் கேள்விக்குள்ளாகும். அதைவிடச் சத்தமில்லாத ஆபத்து வருகைப் பதிவு. அனுமதியைப் புதுப்பிக்கும்போது படிப்பை ஒழுங்காகத் தொடர்ந்ததற்குச் சான்று கேட்பார்கள். ராத்திரி ஷிஃப்டால் வகுப்பைத் தவறவிடும் ஒவ்வொரு நாளும் அங்கே போய் நிற்கும்.

ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்குக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது நீங்கள் அல்ல. அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைப்பது அங்கே மிகக் கடுமையான மீறல். வைத்தவருக்கு 10,001 யூரோவிலிருந்து 1,00,000 யூரோ வரை அபராதம் உண்டு. வேலை அனுமதி இல்லை என்பதாலேயே செய்த வேலைக்கான கூலி உரிமை போய்விடாது என்றும் வெளிநாட்டவர் சட்டம் சொல்கிறது. “போலீஸுக்குப் போனால் உன்னைத்தான் அனுப்புவார்கள்” என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அந்தச் சிரிப்பு அவருடைய பயத்தை மறைக்க.

அதற்காக நாளைக் காலை சண்டை போட்டுவிட்டுப் பெட்டியோடு தெருவில் நிற்காதீர்கள். முதலில் ஷிஃப்ட் அட்டவணை, வாட்ஸ்அப் செய்திகள், திருவிழா வாரத்தில் கூடுதல் நேரம் கேட்டு வந்த குரல் பதிவு எல்லாவற்றையும் உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். ‘நான் விருப்பத்தோடு தன்னார்வலராக இருந்தேன்’ என்று எழுதிய எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞர் சங்கங்கள் நடத்தும் சட்ட வழிகாட்டு மையத்தில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். கூலி கேட்பதா, தொழில் ஆய்வுத் துறையிடம் புகார் கொடுப்பதா, ஒன்றும் செய்யாமல் விலகுவதா என்பதை அங்கே உங்கள் ஆவணங்களைக் காட்டிய பிறகு முடிவெடுங்கள். மூன்றில் எது என்றாலும் உங்கள் உரிமை. விலகிப் போவதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

இதையெல்லாம்விட முதலில் ஓர் அறை பார்க்க வேண்டும். விசாவுக்குக் காட்டச் சொல்லும் மாதம் 600 யூரோ வலென்சியா வாடகைக்கு இழுபறிதான், தெரியும். அதனால் ஜூன் வரை உள்ள இரண்டரை மாதத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். கோடைக்கு ஊருக்குப் போகும் மாணவர்கள் அறையை மாற்றிவிட ஆள் தேடும் காலம் நெருங்குகிறது. உங்கள் மொழிப்பள்ளி அலுவலகத்திலும் கேளுங்கள், அவர்கள் கையில் குடும்பங்களோடு தங்கும் முகவரிகள் பெரும்பாலும் இருக்கும். தனியாக வாழும் முதியவர் வீட்டில் குறைந்த வாடகைக்கு அறை கிடைத்தால் மொழிக்கு நல்லது. ஆனால் மருந்து கொடுப்பது, குளிப்பாட்டுவது என்று பேச்சு நீண்டால் அதுவும் பெயர் மாறிய வேலைதான். வேண்டாம்.

புது அறைக்குப் போனதும் நகராட்சியில் முகவரிப் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் பத்ரோன், அதாவது அந்த முகவரிப் பதிவு, இன்னும் பழைய வீட்டிலேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே வாழ்கிறோமோ அங்கே பதிவது சட்டப்படி கடமை, வீட்டுக்காரர் செய்யும் தயவு அல்ல. ‘வாடகைக்குத் தருகிறேன், பதிவு மட்டும் கூடாது’ என்பவரின் அறை எவ்வளவு மலிவு என்றாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

சனிக்கிழமை

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்பெயினில் குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் வேலையோ தன்னார்வப் பணியோ செய்யும் எவரும் அந்தச் சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். வலென்சியாவிலேயே பிறந்து வளர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் அதே விதிதான். நீதி அமைச்சகம் இலவசமாகத் தருகிறது. அந்த ஊரில் நிறத்தைப் பார்த்து நடத்துபவர்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, உங்களுக்கு வேறு இடங்களில் நடந்தவை நடந்தவையே. ஆனால் இந்தக் காகிதத்தைக் கேட்ட அமைப்பு, குழந்தைகள் விஷயத்தில் ஒழுங்காக இருக்கும் அமைப்பு. கேட்காமல் உங்களை உள்ளே விட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

முன்பு சொன்ன தன்னார்வப் பணிச் சட்டம் உங்களுக்கும் சிலவற்றைத் தருகிறது. என்ன பணி, எத்தனை மணி நேரம் என்று எழுதிய ஒப்பந்தம் வேண்டும். பணியின்போது ஏற்படும் விபத்துக்கு அமைப்பின் செலவில் காப்பீடு வேண்டும். பணிக்காகச் செய்த செலவைத் திருப்பித் தர வேண்டும், உங்கள் பேருந்துக் கட்டணத்தையும் கேட்டுப் பாருங்கள். முடிவில் செய்த பணிக்குச் சான்றும் கேட்கலாம். கூச்சமில்லாமல் கேளுங்கள். 2024 அக்டோபர் வெள்ளத்தின்போது வலென்சியாவிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் துடைப்பமும் மண்வாரியுமாகப் பாலம் கடந்து நடந்தே போய்ச் சேறு வாரினார்கள். அங்கே ஒப்பந்தம் கேட்டு யாரும் நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. வாரா வாரம் ஓர் அமைப்புக்குள் குழந்தைகளோடு செய்யும் பணிக்குக் காகிதம் வேண்டும்.

இனி அந்தச் சிரிப்பு. குழந்தைகள் உங்கள் வகுத்தலைத் தப்பு என்றது ஏன் தெரியுமா? நாம் வகுக்கும் எண்ணை இடப்பக்கமும் ஈவை வலப்பக்கமும் எழுதிப் பழகியவர்கள். ஸ்பெயினில் வகுபடும் எண்ணை இடப்பக்கம் எழுதி, வகுக்கும் எண்ணை வலப்பக்கம் ஒரு கட்டத்துக்குள் போட்டு, ஈவை அதன் அடியில் எழுதுகிறார்கள். கழித்தலைப் பலர் மனக்கணக்காகவே போட்டு மீதியை மட்டும் கீழே வைப்பார்கள். தசமத்துக்குக் காற்புள்ளி வேறு. உங்களுக்குக் கணக்கும் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்ததில் பாதி இந்தக் கட்டத்தால் வந்தது. அடுத்த சனிக்கிழமை அந்த எட்டு வயதுக்காரியிடம் பென்சிலைக் கொடுத்து, “நீ எப்படிப் போடுவாய், எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். ஒவ்வொரு படியையும் அவள் வாய்விட்டுச் சொல்வாள், நீங்கள் கேட்பீர்கள், திருப்பிச் சொல்வீர்கள். எந்தப் பள்ளியிலும் இவ்வளவு பொறுமையான ஆசிரியை கிடைக்கமாட்டாள்.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். “திடீரென்று ஒரு சொல்கூடப் புரியாமல் போய்விடுகிறது” என்கிறீர்கள். அந்த ஊரில் ஆட்சிமொழி இரண்டு: ஸ்பானிஷ், வலென்சியானோ. பள்ளியில் பிள்ளைகள் இரண்டையும் படிக்கிறார்கள், தெருப் பலகைகளிலும் மெட்ரோ அறிவிப்பிலும் இரண்டாவது மொழி நிறைய வரும். உங்களுக்குப் புரியாத பேச்சில் ஒரு பகுதி நீங்கள் படிக்கவே இல்லாத மொழி. அதற்காக உங்கள் ஸ்பானிஷுக்கு மதிப்பெண் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆறு மாதக் கணக்கு

அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் பயிற்சிக் கழகம், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு எளிதான மொழிகளின் வரிசையில் ஸ்பானிஷை வைத்திருக்கிறது. அந்த எளிய மொழிக்கும் அவர்கள் ஒதுக்குவது 30 வாரம், சுமார் 750 வகுப்பு மணி நேரம். அதுவும் வேறு வேலை இல்லாமல், சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பவர்களுக்கு. உங்கள் பள்ளிக் கணக்கில் இதுவரை அதிகபட்சம் 520 மணி நேரம் ஆகியிருக்கும், தூங்கியதைக் கழித்தால் இன்னும் குறைவு. எனவே தாமதம் ஒன்றும் ஆகவில்லை. ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்த தேதிதான் தப்பு.

பி2 இந்தக் கோடையில் வேண்டாம். காரணம், டெலே தேர்வில் வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்டலும் பேச்சும் இன்னொரு தொகுதி. ஒவ்வொன்றிலும் 50க்கு 30 எடுத்தால்தான் தேர்ச்சி. உங்களுக்கு இலக்கணம் நன்றாக வருகிறது, ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கொண்டுபோய்ப் பேச்சில் ஈடுகட்ட முடியாது. விடுதியில் ராத்திரி முழுக்க ஆங்கிலம் பேசி நீங்கள் பலவீனப்படுத்திக்கொண்டதும் அந்த இரண்டாம் தொகுதியைத்தான். உங்கள் ஆசிரியரின் கருத்தைக் கேட்டு, ஒரு படி கீழான பி1 எழுதலாம். டெலே சான்றிதழ் காலாவதியாவதில்லை, அதனால் படிப்படியாக ஏறுவதில் நட்டமில்லை. பலர் பரிந்துரைக்கும் சியேலே என்ற இன்னொரு ஸ்பானிஷ் தேர்வின் சான்று ஐந்து ஆண்டுக்கு மட்டுமே செல்லும்.

ரொட்டிக் கடைக்காரம்மா ஆங்கிலத்துக்கு மாறுவது உங்களை அவமதிக்க அல்ல. காலை 8:30க்கு வரிசை நீளம், அவருக்கு வேலை நடக்க வேண்டும். 11 மணிக்கு மேல் போங்கள். உள்ளே நுழைந்ததும் நிற்பவர்களைப் பார்த்து “கியென் எஸ் லா ஊல்திமா?” என்று கேளுங்கள், வரிசையில் கடைசி யார் என்று அர்த்தம். அங்கே சந்தையிலும் கடையிலும் ஊர்க்காரர்கள் கேட்பது அதைத்தான். உங்கள் முறை வரும் முன்பே நீங்கள் எந்த மொழியில் வந்திருக்கிறீர்கள் என்பது கடை முழுக்கத் தெரிந்துவிடும். அப்படியும் அவர் ஆங்கிலத்தில் தொடங்கினால், “எஸ்தோய் அப்ரெந்தியெந்தோ”, கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்பானிஷிலேயே தொடருங்கள். ஒரே கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போவது முக்கியம். நட்பு என்று பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம், முதலில் முகம் பழகட்டும்.

திரும்பிப் போவதா

அம்மா கூப்பிடுவதில் தப்பில்லை. அவர்களுக்கு உங்கள் குரல்தான் கேட்கிறது, அந்தக் குரல் ராத்திரி முழுக்க விழித்த குரல். விடுதி விஷயத்தை அவர்களிடம் மறைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. முழுவதையும் சொல்லச் சொல்லவில்லை. “தங்கும் இடம் சரியில்லை, மாற்றப் போகிறேன், இரண்டு மாத வாடகைக்கு உதவி தேவைப்படலாம்” என்ற அளவுக்குச் சொல்லலாமே. உங்கள் சேமிப்பில் கைவைக்காமல் வைத்திருக்கும் அந்தத் தொகையையும் இதற்கு எடுங்கள். இந்த நிலைமைக்காகத்தான் சேமிப்பு.

உடனே திரும்புவது ஒரு வழி. உடல்நிலை மோசமானாலோ, மூன்று வாரத்துக்குள் அறை கிடைக்காவிட்டாலோ நானே அதைத்தான் சொல்வேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டணம் முழுக்கக் கட்டிய வகுப்பு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. என் சாய்வு, அறை மாறி, ராத்திரி தூங்கி, வகுப்பை முடித்துவிட்டுப் பிறகு யோசிப்பது. இன்னோர் ஆண்டு நீட்டிப்பதைப் பற்றி மே மாதக் கடைசியில் முடிவெடுங்கள். புதுப்பிப்பு விண்ணப்பத்தை அனுமதி முடிவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம் என்பதால் அதற்கு அவகாசம் உண்டு. ‘இப்படியே சில வருடம் ஓட்டினால் குடியுரிமை கிடைத்துவிடும்’ என்று அறைத்தோழி சொன்னதை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்தியர்களுக்குப் பத்து ஆண்டு சட்டப்படியான வசிப்பு வேண்டும், மாணவராகத் தங்கிய காலம் அந்தப் பத்தில் சேராது.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை போதும். திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்தில் வருகைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அறை விசாரிப்பதையும் அங்கேயே தொடங்கிவிடலாம். சட்ட வழிகாட்டு மையத்தில் நேரம் குறியுங்கள். விடுதி மேலாளரிடம், தேர்வு நெருங்குவதால் இனி ராத்திரி ஷிஃப்ட் முடியாது என்று எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதும். அதற்கு அவர் என்ன பதில் எழுதினாலும், அழிக்காமல் வைத்திருங்கள்.